ஓட்டைக்காரரின் ஞாயிற்றுக்கிழமை

போர்க்கப்பலில் அடிபட்ட இடத்தை அடைத்து, புகுந்த தண்ணீரை இறைத்து, கப்பலை மிதக்க வைப்பதுதான் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. கூட இருந்தவர்கள் ஓட்டைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து கரையேறிய பிறகு அடைக்க ஓட்டை எதுவும் அகப்படாததால், மனிதர் தொலைக்காட்சிக் கதைகளில் ஓட்டை தேட ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. வாரத்தில் ஆறு நாள் கடைக்காரரிடம் "ஒரு பாக்கெட் பால்" என்று சொல்வதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு விண்வெளிப் போர்த் தொடர். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போன் அடிக்கும். கப்பலில் செத்துப்போன அவருடைய கூட்டாளியின் மகள். அப்பா போனபோது அவளுக்கு நாலு வயது. இப்போது வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறாள். அவள் அங்கே பார்ப்பாள், இவர் இங்கே பார்ப்பார், இரண்டு போனும் ஸ்பீக்கரில் கிடக்கும்.

"ஆரம்பிங்க சித்தப்பா. இன்னைக்கு என்ன குத்தம்?"

"காத்தே இல்லாத இடத்துல புகை மேல போகுது பாரு. மேல எதுன்னு அதுக்கு யார் சொன்னது?"

குண்டு பட்டதும் மேசைக்கு மேசை தீப்பொறி பறந்தால், "இவனுங்க ஊர்ல ஃப்யூஸே கிடையாதா?" என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் மற்ற ஆறு நாளையும் அவர் ஓட்டினார்.

அன்றைக்கு ஏவுகணை பட்டு ஒரு அறையின் சுவர் கிழிந்தது. காற்றெல்லாம் வெளியே போய்விட்டது. கவச உடையோடு உள்ளே மாட்டிக்கொண்ட நண்பனை, கதாநாயகன் கதவை ஒற்றைக் கையால் இழுத்துத் திறந்து காப்பாற்றிவிட்டான்.

"என்ன சித்தப்பா, சத்தத்தைக் காணோம்? அந்தக் கதவு திறக்குமா?"

"திறக்காது. இந்தப் பக்கம் முழுக் காத்து, அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. கதவு மேல பதினாலு டன் அழுத்தும். இவன் தாத்தா வந்தாலும் அசைக்க முடியாது."

"கப்பல்ல அப்பா மாட்டிக்கிட்ட அறைக் கதவும் அப்படித்தானே?"

முப்பது வருடமாகச் சொல்லிவரும் பதில் அவரிடம் தயாராக இருந்தது. வெளியே தாழ் போட்ட கதவு, உள்பக்கம் தள்ளித் திறப்பது, உள்ளே தண்ணீர். அவளுடைய அம்மாவிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

"ஆமாம்மா. மார்பளவு தண்ணின்னா கைப்பிடியில இருநூத்தம்பது கிலோ நிக்கும். ஒருத்தனால ஆகாது."

அவள் யோசித்தாள். கதவோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுக்கும் பிழைப்பு.

"காத்து பொசுக்குனு போயிடும். தண்ணி மெதுவாத்தானே ஏறும்? அப்பா உள்ளேருந்து தட்டினார்னு அம்மா சொல்லியிருக்காங்க. முதல்ல தட்டினப்ப எவ்வளவு இருந்துச்சு?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கையைவிட்டுப் போய்விடும். அதைவிட்டால் அவருக்கு வேறு நாதியில்லை. ஆனால் அவளிடம் அவர் மறைத்தது உண்டே தவிர, தப்புக் கணக்குச் சொன்னது கிடையாது.

"முழங்கால் அளவு."

"அதுக்கு எத்தனை கிலோ?"

"நாப்பது. நாப்பத்தஞ்சுன்னு வெச்சுக்கோ."

"நான் தினம் அதுக்கு மேல தள்றேன், சித்தப்பா."

"தெரியும்மா. மூடினதைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. திறந்தா மறுபடி மூட முடியுமான்னு தெரியல. எனக்குப் பின்னால பதினெட்டு பேர் இருந்தாங்க. அதெல்லாம் நிஜம்தான். ஆனா எனக்குப் பயமாவும் இருந்துச்சு. அதுவும் நிஜம். உள்ள தண்ணி மார்புக்கு வர்ற வரைக்கும் நான் கதவைத் தொடாம வெளியேதான் நின்னேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களை வெறுத்துட்டு, நான் பாட்டுக்கு வளந்திருப்பேன்," என்றாள். அழவில்லை. "இத்தனை வருஷம் சித்தப்பா, சித்தப்பான்னு ஒட்டிக்கிட்டு இருந்துட்டேன். இனிமே எப்படி வெறுக்கிறது, நீங்களே சொல்லுங்க."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தபோது போன் அடிக்கவில்லை. ஐந்துக்கும் அடிக்கவில்லை. அவராகக் கூப்பிடலாம்தான். எந்த முகத்தோடு கூப்பிடுவது? தொடரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். இரண்டாக உடைந்து மிதந்த கப்பலில் இரண்டு பாதியிலும் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. கரண்ட் எங்கேயிருந்து வருகிறது என்று நாக்கு நுனிவரை வந்தது. அறையில் கேட்க ஆளில்லை. அதை விழுங்கிவிட்டு, கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.