பாடைச் சுழி மாடு

என் புருஷனுக்கு எந்தச் சகுனமும் கிடையாது. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது எங்கள் தெரு வழக்கம். அவர் மட்டும் வண்டியை நிறுத்தவே மாட்டார். "அதுக்கும் வேலை இருக்குது, எனக்கும் வேலை இருக்குது" என்று சொல்லிக்கொண்டே போவார். பல்லி கத்தினால், "உனக்குப் பொழுது போகலியா?" என்று அதையே கேட்பார். என் மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். கல்யாணமான புதிதில் அவரிடம் எனக்குப் பிடித்துப்போனதே அந்தத் துணிச்சல்தான். அது எப்படிப் போயிற்று என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்குகளுக்கு ஆவாரம்பட்டை எவ்வளவு போனாலும் போதாது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் உரித்துக் காயவைத்த பட்டையைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு போய்க் கிடங்கில் இறக்குவது அவர் தொழில். ஒற்றை மாட்டு வண்டி. இருந்த மாடு கிழமாகிப் படுத்துவிட்டதால், வேறு மாடு வாங்க வாணியம்பாடிச் சந்தைக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் ஒரு வெள்ளைக் காளையோடு திரும்பி வந்தார். நிமிர்ந்த திமில், விரிந்த கொம்பு, பார்த்தால் திருஷ்டி பட்டுவிடும்போல இருக்கிற உடம்பு.

எங்கள் பக்கத்தில் மாடு வந்தால் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைத்தான் பார்ப்பார்கள். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்துக்கொண்டு நிற்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பலன். சில சுழி வீட்டுக்கு லட்சுமியைக் கொண்டுவரும். சில சுழி சொந்தக்காரனை ஜெயிலுக்கு அனுப்பும். எதிர்வீட்டுக்காரர் வந்து காளையின் முதுகைத் தடவினார். தடவிய கையைச் சுட்டுக்கொண்டவர்போல இழுத்துக்கொண்டார்.

"யோவ், இது பாடைச் சுழிய்யா! பாத்தா வாங்கினே?"

முதுகுத் தண்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நேருக்கு நேராக இரண்டு சுழி. பாடைக்கு இரண்டு பக்கமும் மூங்கில் வைப்பது மாதிரி. அப்படிப்பட்ட மாடு கட்டியிருக்கும் வீட்டில் பாடை கட்டாமல் விடாது என்பது பேச்சு.

"பாத்துதான் வாங்கினேன். அதனாலதான் எவனும் கிட்ட வரல, எனக்குக் கம்மியில கெடைச்சிது" என்றார் இவர். "பாடை கட்டணும்னா மூங்கில் வேணும். மாட்டு மயிரு எதுக்கு?"

தெருவே சிரித்துவிட்டது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். ஆனால் அந்த அம்மாள் வாய்தான் காரம். இரண்டே வாரத்தில் கழுநீர்த் தொட்டியில் தவிடு கலக்கும்போது, "வா சாமி, வா ராஜா" என்று அதனிடம் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார். காளையும் அவர் குரல் கேட்டால் கழுத்தை நீட்டும்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் ஊரில் எருது விடுவார்கள். கோயில் வாசலில் இருந்து ஏரிக்கரை வரைக்கும் தெருவின் இரண்டு பக்கமும் சனம் நிற்கும். நடுவில் மாடுகளை அவிழ்த்து விடுவார்கள். முதலில் ஏரிக்கரையைத் தொடும் மாட்டின் கொம்பில் ஊர்ப் பெரியவர்கள் பட்டுத்துண்டு கட்டுவார்கள். பட்டை இழுக்கும் வண்டி மாட்டை இவர் கொண்டுபோய் நிறுத்தியதும் கேலி செய்யாத ஆள் இல்லை. அவிழ்த்து விட்டதுதான் தெரியும். எங்கள் காளை வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தது. மற்ற மாடுகள் பாதி வழியில் இருக்கும்போதே அது ஏரிக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கணுமே! அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து காளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "நான் அப்பவே சொல்லல? இது ராஜ சுழிய்யா!" நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும் என்பது சரிதான். அதற்குப் பிறகு நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள்கூட எங்கள் கொட்டகைப் பக்கம் வந்து, காளையின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்த பாய் என் புருஷனுக்கு உயிர்த் தோழர். அவர் ஒரு தாயத்தைக் கொண்டுவந்து காளையின் கழுத்தில் கட்டினார். "நஜர் படக்கூடாது தோஸ்த். ஜாஸ்தி பேர் கண்ணு வெச்சிட்டானுங்க" என்றார். என் புருஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் எருது விடுவதற்கு முதல் நாள், போன வருஷம் கட்டிக்கொண்டு போன துண்டைத் தேடினார். காவிக்கரை போட்ட பழைய துண்டு, ஓரமெல்லாம் நைந்தது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதைக் கண்டுபிடித்தார். காலையில் என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். "போன வருஷம் இன்னா துன்னேன்? களியும் கருவாட்டுக் கொழம்பும்தானே? அதையே செய்" என்றார். புறப்படும்போது வாசலில் நிற்காதே, உள்ளே போ என்றார். போன வருஷம் அவர் புறப்பட்டபோது நான் உள்ளே இருந்தேனாம். காளை அந்த வருஷமும் ஜெயித்தது. அவ்வளவுதான், துண்டு சாமியாகிவிட்டது, களி பிரசாதமாகிவிட்டது.

ஒருநாள் அவரோடு வண்டியில் பட்டை ஏற்றிக்கொண்டு போகிறேன். பூனை குறுக்கே போயிற்று. வண்டி நின்றது. அவர் கீழே இறங்கி, காளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வேறு யாராவது முன்னால் போகட்டும் என்று காத்து நின்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாங்க, அதுக்கும் வேலை இருக்குது, உங்களுக்கும் வேலை இருக்குதுன்னு சொல்வீங்களே?"

"சிரிக்காதமே" என்றார். முகத்தில் விளையாட்டே இல்லை. "அப்ப என் கையில ஒண்ணும் இல்ல. இப்ப மாடு இருக்குது."

தோற்றபோது அவர் கெட்டுப்போகவில்லை. ஜெயித்துத்தான் கெட்டுப்போனார். ஓடி ஜெயித்தது மாட்டின் காலும் மூச்சும். அதற்குத் தவிடு கலக்கியவர் என் மாமியார், கொள்ளு வேகவைத்தவள் நான். இவரோ துண்டுக்கும் கருவாட்டுக்கும் அந்தப் பேரைக் கொடுத்துவிட்டார். துண்டு ஜெயிக்க வைக்கும் என்று நம்பிவிட்ட மனுஷன், சுழி சாகடிக்கும் என்பதை எத்தனை நாள் நம்பாமல் இருப்பார்?

மூன்றாம் வருஷம் காளை தெருமுனையில் வழுக்கி விழுந்தது. முன்னால் ஓடிய மாடு போட்ட சாணியை மிதித்து விழுந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன், சொல்லவும் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. துண்டு துவைத்துக் காயப்போட்டதில் கிழிந்துபோய், அன்றைக்கு வேறு துண்டு கட்டியிருந்தார். "துண்டு மாறிப்போச்சி, துண்டு மாறிப்போச்சி" என்று ராத்திரி வரைக்கும் முனகிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. பாலாறு வற்றி, ஊற்றுத் தண்ணீரும் கலங்கிக் கிடந்த நேரம். தெருவுக்கு நாலு வீட்டில் இழவு. எங்கள் வீட்டில் மாமியார் போய்விட்டார். காலையில் தவிடு கலக்கிய கை, பொழுது சாய்வதற்குள் சில்லென்று ஆகிவிட்டது. மறுநாள் வாசலில் மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன என் புருஷன், கொட்டகையைத் தாண்டும்போது நின்றார். அம்மாவின் பாடையைப் பார்க்கவில்லை. காளையின் முதுகைப் பார்த்தார்.

காரியம் முடிந்த கையோடு எதிர்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். ராஜ சுழி மறுபடியும் பாடைச் சுழி ஆகிவிட்டது. "நான் அப்பவே சொல்லல?" என்று அதே வாயால் கேட்டார். கம்பி காய்ச்சிச் சுழி மேல் சூடு போட்டால் மயிர் பொசுங்கிவிடும், மறுபடி முளைக்காது, சுழி போனால் தோஷமும் போய்விடும் என்று வழி சொன்னார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. "இந்தத் தெருவுல எத்தினி பேர் போய்ட்டாங்க? அவங்க வீட்ல எல்லாம் பாடைச் சுழி மாடா கட்டியிருந்தாங்க? மாடே இல்லாத வீட்லயும் சாவு வுழுந்துச்சே, அதுக்கு எந்தச் சுழி?" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் எழுந்து போனார். என் புருஷன் மட்டும் தலை நிமிராமல், "எங்கம்மா போய்ட்டாங்கமே" என்றார். மாட்டைத் திட்டினால் நியாயம் பேசலாம். அம்மாவை நினைத்து அழுகிற ஆளிடம் என்ன நியாயம் பேசுவது?

மறுநாள் காளையின் காலைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது போட்ட சத்தம் கதவுக்குள்ளேயும் வந்தது. பொசுங்கிய நாற்றம் இரண்டு நாள் வீட்டில் இருந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து நான்தான் புண்ணுக்குத் தடவினேன். என்னைத் தடவவிட்டது. அவர் நிழல் விழுந்தால் மட்டும் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு சீறும். புண் ஆறிய பிறகும் அவரை நுகத்தடி வைக்க விடவில்லை. அவர் கையால் தின்ற வெல்லம் எவ்வளவு! வாயில்லா ஜீவன் அதையெல்லாம் மறந்துபோகும்படி செய்துவிட்டோமே என்று நான் தனியாக அழுதேன்.

வேலைக்கு ஆகாத மாட்டை எத்தனை நாள் கட்டிப்போட்டுத் தீனி போடுவது? கடைசியில் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வெறுங்கயிற்றோடு திரும்பி வந்தார். பள்ளிகொண்டா பக்கத்துக் குடியானவர் ஒருவருக்காகத் தரகர் வாங்கிக்கொண்டாராம். "கழனி வேலைதான். நல்லா வெச்சிக்குவாங்கன்னு சொன்னான்" என்றார். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ரங்கநாதர் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில், எங்கேயோ வைக்கோல் தின்றுகொண்டு நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடு இல்லாத வண்டி வாசலில் கிடந்து காய்ந்தது. பாய்தான் அவரைத் தோல் கிடங்குக்கு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுண்ணாம்புக் குழியில் ஊறி வந்த தோலை மரக்கட்டை மேல் விரித்துப் போட்டு, மழுங்கிய கத்தியால் மயிரை வழித்தெடுக்கும் வேலை. திறந்த வெளியில் பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டிய மனுஷன், விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரித்த கையோடு வருவார். களியைப் பிசைந்தால் எரியும் என்று நான் உருட்டிக் கொடுப்பேன்.

ஒருநாள் உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே பாயும் வந்தார். என் புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாய்தான் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஒரு தோல் வந்துச்சி தங்கச்சி. மயிரு வழிச்சிக்கினு இருந்தான். முதுகு நடுவுல, இந்தப் பக்கம் ஒரு தழும்பு, அந்தப் பக்கம் ஒரு தழும்பு. நேருக்கு நேரா."

எனக்குப் புரிந்துவிட்டது. "பள்ளிகொண்டாவுல குடியானவரு…" என்று ஆரம்பித்தேன்.

"சூடு போட்ட மாட்டை எந்தக் குடியானவன் வாங்குவான்?" என்றார் பாய். குரலில் கோபம் இல்லை. "முதுகுல ரெண்டு சூடு இருந்தா, கீழ இன்னா சுழி இருந்துச்சின்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். சூடு போடாம வுட்டிருந்தா, எவனாவது உன் புருஷன் மாதிரி ஒருத்தன் சிரிச்சிக்கினே வாங்கியிருப்பான். இப்ப கசாப்புக்காரனைத் தவிர ஆளு இல்ல."

அப்போதுதான் என் புருஷன் வாயைத் திறந்தார். "எல்லா மாட்டுக்கும் மயிரு போய்டுதுமே. நல்ல சுழியும் போய்டுது, கெட்ட சுழியும் போய்டுது. வழிச்சா ஒண்ணுமே இல்ல, எல்லாம் ஒரே தோலு. நான் வெச்ச சூடுதான் போகல. கத்தியால எவ்ளோ தேய்ச்சிப் பாத்தேன், போகல."

சூட்டுத் தழும்பு விழுந்த தோலைக் கிடங்கில் மட்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதையும் ஒதுக்கிவிட்டார்கள் என்று பாய் சொல்லிவிட்டுப் போனார். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் அவர் கையைக் கழுவி எண்ணெய் தடவினேன்.

அதற்குப் பிறகு வந்த எந்தப் பொங்கலுக்கும் அவர் தெருப்பக்கம் போகவில்லை. பறைச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிடுவார். பூனை குறுக்கே போனால் நிற்கவும் இல்லை, கேலி பேசவும் இல்லை, பார்க்காததுபோல நடந்துவிடுவார். அவர் பழையபடி ஒரே ஒருதரம் அந்தப் பூனையை வம்புக்கு இழுக்கமாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன். இழுக்கவே இல்லை.

அவர் போனது ஒரு மாசிமாதக் காலையில். எதிர்வீட்டுக்காரர் தள்ளாத வயசிலும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, மூங்கிலைப் பிளக்கிறவர்கள் பக்கத்தில் நின்றார். வழக்கப்படி இரண்டு நீள மூங்கிலையும் நேருக்கு நேராக வைத்துக் கட்டினார்கள். நான் எழுந்து போய் எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்து, எங்கள் கொட்டகையைக் காட்டினேன். முளைக்குச்சி மட்டும் நின்றது. அந்த வீட்டில் மாடு கட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது.