தேர்க்கொட்டகையைக் காட்டிக்கொடுத்த வாய்

காட்டிக்கொடுத்தவன் நான்தான். துப்பாக்கியைத் தொட்டதில்லை, பர்மா எங்கே என்று கேட்டால் கடல் பக்கம் கையை நீட்டுவேன். ஆனாலும் அந்த நாட்டு ராணுவம் சுப்பையா என்ற மனிதனை இழுத்துப்போக வழிசொன்னது, மயிலாப்பூரில் முடிவெட்டும் என் வாய்!

இரக்கப்படாதீர்கள். உங்கள் இரக்கம் எனக்கு எரிச்சலைத்தான் தரும். நான் பேசி அனுப்பிய அந்தப் பதிவை நீங்களும் கேட்டவர்கள்தானே!

மாட வீதிக்குப் பின்சந்தில் என் சலூன். எட்டாவதோடு நின்றவன், கடைக்கு வாங்கும் செய்தித்தாள்களைப் படித்தே உலகம் கற்றவன். யார் நல்ல சொல் ஒன்று சொன்னாலும் மனத்தில் முடிந்துவைத்துக்கொள்வேன். காலையில் கடை திறந்ததும் வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஐந்து நிமிடம் பேசி அனுப்புவேன். நீங்கள் கைதட்டும் பொம்மைகளை அனுப்புவீர்கள். அந்தக் கைதட்டலுக்கு நான் அடிமை...

முத்தையா அண்ணன் பர்மாவில் பிறந்த தமிழர். கடைசியாக ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் இங்கே வந்து, ஆட்டோ ஓட்டும் அத்தை மகன் ராஜுவின் வீட்டில் ஒண்டினார். அவருடைய தம்பிதான் சுப்பையா. அவன் வரவில்லை. அங்கே முருகன் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் கன்னத்தில் சோப்பு நுரையோடு அண்ணன் சொன்னார். இளைஞர்களைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கிறார்களாம். சொந்த ஜனத்தையே சுடச் சொல்கிறார்களாம். தப்பிவந்த பிள்ளைகளைச் சுப்பையா தேர்க்கொட்டகையில் ஒளித்துவைத்திருக்கிறானாம்.

"பயமா இல்லையாடான்னு கேட்டேன். 'தேரு வருசத்துல ஒரு நாளுதாண்ணே ஓடுது, மிச்ச நாளு பசங்க தூங்கிட்டுப் போகட்டும்'னு சிரிக்கிறான்! ராஜுக்கும் ஒனக்குந்தான் தெரியும். வெளிய விட்டுறாதே தம்பி."

"என்னாண்ட சொன்னது என்னோட போயிடும்ண்ணே" என்றேன்.

போயிற்றா?

மறுநாள் காலை பர்மாவின் கதையைப் பேசினேன். சுதந்திரம் வந்து பதினான்கு ஆண்டுகளிலேயே ராணுவம் ஆட்சியில் குந்தியது, நம்மவர்களின் கடைகளைப் பறித்தது, கூட்டங்கூட்டமாய்க் கப்பலேறவைத்தது. பிறகு ஜனங்கள் வேறு ஆளுக்கு ஓட்டுப்போட்டும் எழ மறுத்தது. இன்றோ மூலைக்கு மூலை உள்நாட்டுப் போர்... நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. ஒரு நல்ல சொல்!

சுப்பையாவின் சொல்லை எடுத்துவிட்டேன். அவன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஊரைச் சொன்னேன். அந்த ஊரில் தேருள்ள கோயில் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! அண்ணனே சொல்லியிருந்தார்.

அன்று வந்ததுபோலக் கைதட்டல் என்றும் வந்ததில்லை. யாரோ யாருக்கோ அனுப்ப, அது அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. சில நாட்களில் படையினர் கொட்டகைக் கதவை உடைத்தார்கள். பிள்ளைகள் சுவரேறி ஓடினார்கள். அவர்கள் ஓடி முடிக்கும்வரை வாசலை மறித்து நின்றவன் சுப்பையா. பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அங்கே வழியில் கைப்பேசியைச் சோதிப்பார்களாம்; அதனால் பதிவைக் கேட்டவர்கள் உடனே அழித்துவிட்டார்கள். 'மெட்ராஸிலிருந்து யாரோ பேசினார்கள்' என்பது மட்டும் அண்ணனை எட்டியது. அவரும் ராஜுவும் நம் குழுவில் இல்லை. தொண்டை சரியில்லை என்று உங்களிடம் சொல்லி, குழுவை அன்றே கலைத்தேன். நீங்களும் ஏனென்று கேட்கவில்லை.

அண்ணன் கடைக்கு வந்தார். பின்னாலேயே ராஜு.

"மச்சான், என் பொண்ணு மேல சத்தியம்! நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன்? ஸ்டாண்டுல கூட வாயத் தொறக்கலியே!"

"தண்ணியப் போட்டா நீ எதத்தான்டா சொல்ல மாட்டே? வேற யாருக்குத் தெரியும்?"

ராஜு என் பக்கம் திரும்பினான். "நைனா, நீயாவது சொல்லேன்!"

நான் கத்தரிக்கோலைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்... "குடிச்சிட்டு இன்னா பேசினேன்னு உனக்கே தெரியாது ராஜு" என்றேன்.

முதல் பாவத்தை ஆசையில் செய்தேன். இதை? நன்றாக யோசித்துத்தான் செய்தேன்!

அண்ணன் அன்றே ராஜுவின் வீட்டைவிட்டு வெளியேறினார். இப்போது மந்தைவெளியில் ஒற்றை அறை. தம்பியின் சேதி வரும்வரை கத்தி படக்கூடாது என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்க்கிறார். ஆனாலும் ஞாயிறுதோறும் வந்து என் நாற்காலியில் உட்காருகிறார். "சுப்பையா வந்துட்டா இத நீதான் எடுக்கணும் தம்பி." தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இன்றும் வந்தார். ராஜுவின் மகளுக்குக் கல்யாணமாம். அவனே பத்திரிகையோடு வந்து வாசலில் நின்றானாம்.

"கிழிச்சு மூஞ்சியிலயே எறிஞ்சேன். சரிதானே தம்பி?"

எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவன் நான். வாயைத் திறந்தேன்.

"டீ சொல்லட்டுமாண்ணே?"