என் வரைபடத்தைத் திருடியவரிடம் கேட்ட கேள்வி

மட்டாஞ்சேரிக் காயலில் பாயல் என்னும் நீர்ச்செடி படர்ந்த இடத்துத் தண்ணீரில் காட்மியம் குறைவு என்று முதலில் கண்டவள் நான். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான ஜயன் சேட்டன் அதைக் காட்டும் என் வரைபடத்தை எடுத்துத் தன் பெயரில் கருத்தரங்குக்கு அனுப்பிவிட்டார். கேட்டபோது, "நீ சின்னப் பொண்ணுதானே, உனக்கு இன்னும் எத்தனையோ கிடைக்கும்" என்று சாயாவை உறிஞ்சியபடி சிரித்தார்.

அந்த வாரமே என் பிழை எனக்குப் பிடிபட்டது. செடிப் பக்கம் வள்ளம் போக வேண்டுமென்றால் கடல் நீர் ஏறியிருக்க வேண்டும். அதனால் அங்கே எடுத்த நீர் மாதிரிகள் எல்லாவற்றிலும் கடல் கலந்திருந்தது. காட்மியத்தைக் குறைத்தது செடியே அல்ல, கலந்த கடல் நீர்தான். இதைச் சேட்டனிடம் சொல்லவில்லை. மேடை ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் பேசி முடித்ததும் முதல் ஆளாக எழுந்தேன். "சேட்டா, இந்தத் தண்ணி எடுக்கிறப்போ கடல் ஏறிட்டிருந்ததா, இறங்கிட்டிருந்ததா?"

அவர் முகம் வெளுத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தது எனக்குத் தேனாக இருந்தது.

சேட்டன் அரங்கத் தலைவரைப் பார்த்தபடி மைக்கை என் பக்கம் நீட்டினார். "அத இவகிட்டயே கேளுங்க சார். தண்ணி எடுத்தது, அளந்தது, வரைஞ்சது எல்லாம் இவதான்."

நான் ஏங்கிய பெயர் அத்தனை பேர் முன்னால் கிடைத்தது, நானே கவிழ்த்துவிட்ட கண்டுபிடிப்புக்கு. மைக்கை வாங்கிப் பிழையை விளக்கினேன்.

அவரை இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அவரைப் பழிவாங்க நான் ஒளித்து வைத்தது, தேடிப் போய்க் கண்டுபிடித்த ஓர் உண்மையை. அதுதான் உறுத்துகிறது.