சங்கையாவின் வாளி

குழிக்குள் இறங்குமுன் சங்கையா அரைஞாணில் தொங்கும் சாவியைக் கழற்றிக் கரையில் வைப்பார். உள்ளங்கையைத் தரையில் அழுத்திச் சற்று நேரம் குந்தியிருப்பார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தாக வேண்டும். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில், இரும்பைக் கழற்றி வைத்து, தேகத்தில் ஏறும் மின்சாரத்தைத் தரையில் இறக்கிவிட்டு, இருபத்தாறு வருடம் வெடிமருந்து கலந்து பழகிய உடம்பு. இது அகழாய்வுக் குழி என்று சொன்னால் அதற்குப் புரியுமா?

குழி இருப்பது அவருடைய புஞ்சையில்தான். எங்கே தோண்டுவது, யார் தோண்டுவது, கிடைத்ததை எங்கே வைப்பது எல்லாம் ஊர்க்குழுவின் முடிவு. ஆய்வைக் கவனிக்கும் பிரீத்திகாவும் இதே ஊர்தான். சங்கையாவின் தம்பி மகள். "இங்கனதான் தாயி பயமில்லாம மண்ணுல கை வைக்கேன்" என்பார் அவளிடம். குழு அவரைக் குழியைவிட்டு எடுத்துவிட்டால் மறுபடி மருந்து அறைதான்.

மற்றவர்கள் இரும்புக் கொத்தால் சுரண்டுவார்கள். அவருக்கு மூங்கில் சிம்புதான். கேலி செய்தால், "இரும்பு ஆகாதுய்யா, பொறி பறக்கும்" என்பதோடு சரி. அவர் எடுத்த பானை ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது.

போன செவ்வாய்க்கிழமை மூன்றடி ஆழத்தில், வெடிமருந்தைப் போலவே சாம்பல் நிறத்தில் பொடி தட்டுப்பட்டது. மனிதர் யோசிக்கவே இல்லை. "எல்லாரும் வெளிய போங்க" என்றார். வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டார். எந்தக் காலத்திலோ யாரோ சோறு பொங்கிய அடுப்பு சேறாகிப் போயிற்று.

"என்ன பெரியப்பா இப்பிடிச் செஞ்சிட்டீக? அது அடுப்புச் சாம்பல். எம்புட்டு வருசத்துக்கு முந்துனதுன்னு சொல்ல அதுல கெடக்கிற கரிதான் வேணும். இப்பச் சேத்தோட கலந்துபோச்சே" என்றாள் பிரீத்திகா.

"நனைச்சது தப்பா தாயி? நனைக்காட்டித் தப்புன்னுல்ல கம்பெனில சொல்லிக் குடுத்தாக."

அன்று முழுக்க அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாங்கிய டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார். வெட்கமாகவும் இருந்தது, செய்தது சரிதானே என்றும் இருந்தது. நிலத்துக்காரனை யார் வெளியே அனுப்புவது என்று ஒரு மனசு. நிலத்தைக் கெடுத்தவனை எதற்கு வைத்துக்கொள்வது என்று இன்னொரு மனசு.

மறுநாள் காலை குழுவிலிருந்து இருளம்மாள் வந்தார். குழியை எட்டிப் பார்த்தார்.

"அடுப்புல பாதி இன்னும் அந்தப் பக்கத்து மண்ணுக்குள்ளதான் இருக்கு. கரிய உடையாம எடுக்க இவுக கைதான் தோது. இவுகளே எடுக்கட்டும். வாளி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

சங்கையா சாவியைக் கழற்றினார். தரையைத் தொட்டார். இருளம்மாள் கையிலிருந்த வாளியை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க, அதே நிறம் தெரிந்தது. வலக்கையில் மூங்கில் சிம்போடு குனிந்தவர், கரைமேல் நின்ற பிரீத்திகாவைத் திரும்பிப் பார்க்காமலே இடக்கையைப் பின்னால் நீட்டி, தள்ளி நில் என்று விரல்களை அசைத்தார்.