பிஏகே என்று முடிந்த கடிதம்

மனோரமாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. திருத்தணியில் தனியாக இருந்தாள். அரக்கோணத்தில் ஒரு கம்பி ஆலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட். 1988இல் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது அவளையும் ஸ்டோர் கிளார்க் கோதண்டபாணியையும் அது இருந்த ஏசி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே செருப்பு கூடாது, சாப்பிடக் கூடாது. அவள் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் மற்ற பெண்கள் டிபன் டப்பாவைக் கழுவி வைத்திருப்பார்கள். ஒரு மாதத்தில் அவளைத் தேடுவதையே விட்டுவிட்டார்கள்.

கோதண்டபாணி ஒரு வாரம் மெட்ராஸில் கற்று வந்தவர்.

"ஃபைல் பேருக்குப் பின்னால புள்ளி வெச்சு மூணு எழுத்து இருக்குது பாருங்க, அதுதான் என்ன ரகம்னு சொல்லும். டிபிஎஃப்னா சரக்குப் பட்டியல். இஎக்ஸ்இ-ன்னா புரோகிராம், அதைத் தொடாதீங்க. எல்டிஆர் லெட்டருக்கு நானே வெச்சது."

"பிஏகே?"

"அது தானா முளைச்சிக்கினே இருக்குங்க. கண்டுக்காதீங்க."

ஒருநாள் அவர் ஸ்டோருக்குப் போயிருந்தபோது, மனோரமா ஒரு கடிதத்தைச் சேமிக்கும் நேரம் பார்த்து கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தபோது கடிதம் சிதைந்திருந்தது. வேறு வழி தெரியாமல் அதே பெயரிலிருந்த பிஏகேவைத் திறந்தாள். திருத்துவதற்கு முன்பிருந்த கடிதம் முழுசாக இருந்தது. ஒவ்வொரு முறை திருத்தும்போதும் மெஷின் பழையதை எடுத்து வைக்கிறது! அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அறையில் ஆள் இல்லை.

மற்ற பிஏகேக்களையும் திறந்து பார்த்தாள். ஒன்று, மூன்று மாதப் பயிற்சிக்கு மெட்ராஸுக்கு யாரை அனுப்பலாம் என்று கோதண்டபாணி மேனேஜருக்கு எழுதியது. அதில் அவள் பெயர் இருந்தது. 'வேகமாகக் கற்கிறார்' என்றும் இருந்தது. அதே பெயரில் இருந்த எல்டிஆரைத் திறந்தாள். அதே வாசகம், ஆனால் பெயர் கஜபதி. அந்த அறைக்குள் காலே வைக்காத டெஸ்பாட்ச் கிளார்க்.

கோதண்டபாணி வந்ததும் இரண்டையும் காட்டினாள். அவர் நின்றபடியே படித்தார்.

"மேனேஜர் மாத்தச் சொன்னாருங்க. ஒண்டியா இருக்கிற பொம்பளை, மெட்ராஸ்ல எங்க தங்குவாங்கன்னாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்லீங்க."

பழைய கடிதத்தை அச்செடுத்து, மேனேஜரிடம் தானே கொண்டுபோனாள்.

"கையெழுத்து இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார் அவர்.

ஜூனில் கஜபதி மெட்ராஸ் போனான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமலோ என்னவோ, கோதண்டபாணி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்டோருக்கே போய்விட்டார். மூன்று மாதம் அந்த அறையை அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டாள். காலையில் வாட்ச்மேனிடம் சாவி கேட்பாள். சில நாட்களில், சாயங்காலம் திருத்தணியில் ரயிலை விட்டு இறங்கும்வரை அவள் பேசியது அவ்வளவுதான்.