கரி பிடித்த பிளக்

மெக்கானிக் என் பைக்கில் கழற்றி நீட்டிய ஸ்பார்க் பிளக்கிலிருந்து பெட்ரோலும் கரியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. "ஊருக்குள்ளயே சுத்திகினு கீறீங்க போல சார், கரி அப்பிகினு கீது" என்றார்.

இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில்தான், திருவொற்றியூரில், என் சின்ன வயதில் எங்கள் சந்து இருந்தது. தினமும் காலையில் நைனா மணலி கம்பெனிக்குக் கிளம்புவார்; தெருமுனை திரும்பியதும் பைக் சத்தம் அடங்கிவிடும், அதற்குள் தூரம் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிறுதோறும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பது அம்மாதான். மெக்கானிக் வீட்டில் பிறந்தவள். தூரம் ஓடிய வண்டியின் பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கும் என்பாள். ஒரு மழைக்காலத்தில் அது அடுப்புக்கரியாக வந்தது. முதலில் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டுச் சரிசெய்தாள், மறுவாரமும் கரிதான்; தினமும் மணலி போய்வரும் வண்டிக்கு அப்படி வராது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புத்தாள் உரசும் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை சோற்று டப்பாவை நைனாவிடம் கொடுத்து, "இன்னிக்காச்சும் தூரமா ஓட்டுய்யா" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் கிக்கரை உதைத்தார்.

அன்று தெருமுனை திரும்பியும் சத்தம் அடங்கவில்லை. தேய்ந்து தேய்ந்து, போய்க்கொண்டே இருந்தது.