போதும்காரர் கட்டிய எஞ்சின்

என் அக்கா கணவருக்குப் பட்டறை வட்டாரத்தில் 'போதும்காரர்' என்று பெயர். காரின் வேகத்தைக் கூட்டித் தருவதுதான் அவர் பிழைப்பு. ஆனால் வாயைத் திறந்தால் வருவது அந்த ஒரு வார்த்தைதான். ஒருவர் ஆசை ஆசையாகத் தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஒரு சூப்பர்சார்ஜர் வச்சுக் குடுங்க, வண்டி பறக்கணும்" என்பார். அத்தான் பானெட்டைத் திறந்து, வீடு வாங்க வந்தவர் மாதிரி மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஏத்தலாம். போதும்" என்பார். வந்தவர் கெஞ்சுவார், கோபப்படுவார், வேறு பட்டறைக்குப் போவதாக மிரட்டுவார். "போய்ட்டு வாங்க" என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்புவார் அத்தான். கேட்டதைவிடக் குறைவாகக் கொடுத்தும் கடையை நடத்துகிற மனிதர் அவர் ஒருவர்தான்.

சூப்பர்சார்ஜர் ஒன்றும் மாயமில்லை. எஞ்சின் பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற பம்பு. அத்தான் சொல்வது இன்னும் எளிது: "அடுப்ப ஊதுற மாதிரிதான். ஊதினா தீ நல்லா எரியும். கண்ணு மண்ணு தெரியாம ஊதினா பாத்திரம் கருகிப் போகும்." அதனால் ஊதுகிற வேலை அவருக்குக் கடைசி வேலை. அதற்கு முன்னால் சிலிண்டர்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று பார்ப்பார். ரேடியேட்டரை மாற்றுவார், ஆயிலைக் குளிர வைக்க வழி செய்வார், பெட்ரோல் பம்பைப் பெரிதாக்குவார். வண்டிக்காரர் தினமும் போன் செய்து, "இன்னுமா முடியல?" என்று உயிரை எடுப்பார். அத்தான் போனை என்னிடம் நீட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கடை நேரம் போக மீதி நேரத்தில் அத்தானின் வேனுக்குச் சம்பளமில்லாத டிரைவர், வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கவும் நானே.

அவர் எப்போதுமே இப்படி இருந்தவரில்லை. கல்யாணமான புதிதில் தன் சொந்தக் காரில் சூப்பர்சார்ஜர் மாட்டி, கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போனார். ஒரு நாள் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனபோது எஞ்சின் வெடித்தது. கொட்டிய ஆயிலில் அவருடைய டயரே வழுக்கி, கார் பள்ளத்தில் போய் நின்றது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் இடது மணிக்கட்டு மட்டும் அன்றிலிருந்து முழுதாக மடங்குவதில்லை. அக்கா அதை அன்றே மறந்துவிட்டாள். இவர்தான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அக்காவோடு ஒரே காரில் ஏறியதும் இல்லை. எங்கே போனாலும் அவள் காரில் போவாள், இவர் வேனில் பின்னாலேயே போவார். கேட்டால், "பக்கத்துல உக்காந்தா எஞ்சின் சத்தம் மட்டும்தான்டா காதுல விழுது. உங்கக்கா பேசறது விழ மாட்டேங்குது" என்பார்.

அக்கா சும்மா இருக்கிறவளா? தொழிலுக்குப் பல் டாக்டர். நோயாளிகளுக்குத் தெரியாத சங்கதி, அவள் ஒரு பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் மலைப்பாதைப் பந்தயத்தில் ஓட்டுகிறாள் என்பது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒவ்வொரு காராகத் தனியாக ஏற வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு, குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. எப்போதும் வெள்ளைக் கார் பேக்கரிக்காரர் முதலாவது, அக்கா இரண்டாவது. "என்ன டாக்டரம்மா, இந்தத் தடவையும் எனக்குப் பின்னாடிதானா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். நல்ல மனிதர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போன வருஷம் ஒரு செய்தி வந்தது. மலைப்பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள், வளைவுகளை நேராக்கப் போகிறார்கள், அடுத்த பந்தயம்தான் கடைசி. அன்று சாப்பாட்டு மேசையில் அக்கா ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு தடவை அந்த ஆளுக்கு முன்னாடி வரணும்ங்க. ஊர்ல இருக்கிற கார் எல்லாத்துக்கும் சூப்பர்சார்ஜர் வச்சுக் குடுக்கிறீங்க. என் காருக்கு மட்டும் ஏன் இல்ல?"

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்த கார்ல நீ இல்லயே."

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனால், அக்காவின் காரிலிருந்து எஞ்சின் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த எஞ்சினை அவர் கட்டிய விதத்தைப் பார்த்தபோதுதான் இந்த மனிதர் யார் என்று எனக்கே முழுதாகப் புரிந்தது. பிஸ்டன்களை மாற்றினார், அவற்றைத் தாங்கும் ராடுகளையும் மாற்றினார். அழுத்திய காற்று சூடாகுமே, அது சிலிண்டருக்குள் போவதற்கு முன் ஆறிக்கொள்ள முன்பக்கம் தனி ரேடியேட்டர் வைத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் சூப்பர்சார்ஜர் ஏறியது. அதைச் சுழற்றுகிற புல்லியை, அதாவது பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, அவரே லேத்தில் கடைந்தார். புல்லி பெரிதானால் மெதுவாகச் சுற்றும், காற்று குறையும். சிறிதானால் வேகம், காற்றும் அதிகம். அவர் பெரியதை மாட்டினார். ஆனால் சிறியதும் ஒன்று கடைந்து, துணியில் சுற்றி டூல் பெட்டியின் அடியில் வைத்ததைப் பார்த்துவிட்டேன்.

"அது எதுக்கு அத்தான்?"

"சும்மா. கிடக்கட்டும்."

சும்மா ஒரு ஆணியைக்கூட அடிக்காத மனுஷர்!

அப்புறம் அவர் செய்ததுதான் வேடிக்கை. காரைப் பந்தயத்துக்கென்று மூடி வைக்காமல் அக்காவைத் தினமும் அதிலேயே கிளினிக்குக்குப் போகச் சொன்னார். வெயிலில், டிராஃபிக்கில், பால் பாக்கெட் வாங்க, மாவு வாங்க எல்லாவற்றுக்கும் அதே கார். "ரேஸ்ல ஓடற எஞ்சின யார் வேணா கட்டிடலாம். காய்கறி வாங்கப் போய்ட்டு ஒழுங்கா வீடு திரும்புற எஞ்சின்தான் கஷ்டம்" என்றார். அடிக்கடி எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். உள்ளே பிஸ்டன் வலி தாங்காமல் உருகத் தொடங்கினால் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப் பொடியாக உலோகம் ஒட்டியிருக்குமாம். ஒரு தடவைகூட ஒட்டவில்லை.

பந்தய நாள் வந்தது. முதல் வாய்ப்பில் அக்கா தன் பழைய நேரத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டாள். ஆனாலும் பேக்கரிக்காரர் மயிரிழையில் முன்னால் இருந்தார். அக்கா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அத்தானின் முகம் வெளிறியிருந்தது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தன் வாழ்நாளில் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"போதும்ங்க. இவ்வளவு வந்ததே போதும். வீட்டுக்குப் போலாம்."

அத்தான் கையுறையை மாட்டிக்கொண்டு கொதிக்கிற எஞ்சினிலிருந்து பிளக்குகளைக் கழற்றினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. டூல் பெட்டியைக் கிளறி, அடியிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

"எனக்குப் போதாது" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்தாள். "உங்களுக்குப் பயமா இருக்குன்னா வேண்டாம்ங்க."

"எஞ்சின ஆரம்பத்துலயே இந்தப் புல்லிக்காகத்தான் கட்டினேன். பட்டறையில நீ இல்லாதப்ப மாட்டி ஓட்டியும் பாத்துட்டேன், தாங்குது. அந்தப் பெரிய புல்லி எஞ்சினுக்காக இல்லம்மா. எனக்காக." எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

சிறிய புல்லியை மாட்டினார். ஒரு போல்ட்டைக்கூட அவசரத்தில் முடுக்கவில்லை. லேப்டாப்பை இணைத்து, எஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் அளவைக் கூட்டினார். ஒதுங்கி நின்று, "போ" என்றார்.

அக்கா போனாள். சூப்பர்சார்ஜரின் ஊளை முதல் வளைவு தாண்டியது, இரண்டாவது தாண்டியது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கேயும் அது தடுமாறவில்லை. மேலே போய்த் தேய்ந்து அடங்கியது. சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தார்கள். பேக்கரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சுடா!" என்று உட்கார்ந்தார். பிறகு அவரே எழுந்துவந்து அத்தானைக் கட்டிப்பிடித்தார். அவரும் தன் இரண்டாவது வாய்ப்பில் முட்டி மோதிப் பார்த்தார், எட்டவில்லை.

கிளம்புகிற நேரம். புல்லியை மாற்றிவிட்டுத்தான் போவார் என்று நான் ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். அத்தான் அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வேன் சாவியை என் கையில் வைத்தார்.

"நீ வேன எடுத்துட்டு வா."

"நீங்க?"

அவர் காரின் கதவைத் திறந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணிமைக்கும் நேரத்தில் கார் என் பார்வையிலிருந்து மறைந்தது. நான் தட்டுத் தடுமாறி வீடு வந்து சேர்ந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"வழி பூரா எத்தனை தடவை போதும் போதும்னு கத்தினாரு?" என்றேன்.

அக்கா சிரித்தாள். "எஞ்சின் சத்தமே அவர் காதுல விழலடா. நான் பேசறதக் கேட்டுக்கிட்டே வந்தாரு."